வானத்தை நம்பி மண்ணை விடலாமா?

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததிலிருந்து ஒரு பேச்சு வலுத்துவருகிறது: கிராமங்களுக்கு ஃபைபர் இழுப்பது வீண் செலவு, எட்டாத ஊர்களைச் செய்மதி பார்த்துக்கொள்ளும் என்று. திருகோணமலையின் மூதூரையும் வெருகலையும் குச்சவெளியையும் கைகழுவும் யோசனை இது. இப்படித்தான் 2015இல் கூகுளின் பலூன்கள் தீவு முழுவதற்கும் இணையம் தரும் என்றார்கள். சேவை வரவேயில்லை, 2021இல் அந்தத் திட்டத்துக்கே மூடுவிழா நடந்தது.

செலவுக் கணக்குப் பேசுவோர் அவுஸ்திரேலியாவைப் படிக்கட்டும். 2009இல் தொழிற்கட்சி அரசு 43 பில்லியன் அவுஸ்திரேலிய டொலரில் நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளுக்கு ஃபைபர் என்றது. 2013இல் வந்த கூட்டணி அரசோ 29.5 பில்லியனில் முடிப்பதாகச் சொல்லி, தெருமுனை வரை ஃபைபர், அதற்கப்பால் பழைய செப்புக் கம்பி என்று மாற்றியது. செலவு 50 பில்லியனைத் தாண்டியது. 2020இல் அதே கூட்டணி அரசு, வீடுகளுக்கு ஃபைபர் கொண்டுபோக மேலும் 3.5 பில்லியன் ஒதுக்கியது. மிச்சம் பிடிக்கப் போய் இரட்டைச் செலவு செய்தார்கள்.

ஃபைபரில் பெருஞ்செலவு தோண்டுவதற்குத்தான். புதைத்த இழை பல பத்தாண்டுகள் உழைக்கும். வேகம் கூட்ட இரு முனைகளிலும் கருவியை மாற்றினால் போதும். ஸ்டார்லிங்க் செய்மதியின் ஆயுள் ஏறக்குறைய 5 ஆண்டு. அறிமுகமானபோதே வீட்டுக்கான மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. கரைவலை இழுக்கும் குடும்பம் அதைக் கட்டுமா?

இலாபம் வராது என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை சனம் துறையடியில் பாதைப் படகுக்குக் காத்துக்கிடந்தது. பாலம் எவ்வளவு சம்பாதித்தது என்று இன்று யாரும் கேட்பதில்லை.

கடலடிக் கேபிள்கள் கரையேறுவது மேற்கிலும் தெற்கிலும். உலகம் புகழும் இயற்கைத் துறைமுகமான திருகோணமலைக்கு அதில் இடமில்லை. ஆனால் அங்குள்ள எண்ணெய்க் குதங்களுக்கு 2022இல் ஒப்பந்தம். எரிசக்தி மையத்துக்கு 2025 ஏப்ரலில் இந்தியாவோடும் ஐக்கிய அரபு இராச்சியத்தோடும் புரிந்துணர்வு. துறைமுகம் வேண்டும், அதைச் சுற்றி வாழும் சனம் வேண்டாமா?

ஸ்ரீலங்கா டெலிகொம்மில் ஏறக்குறையப் பாதி அரசின் பங்கு. ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவுக்கும் ஃபைபர் போட அரசு கட்டளையிடட்டும். வீதி தோண்டும்போதே குழாயும் புதைக்கட்டும். அது நடந்தால் வேலை நம் பிள்ளைகளைத் தேடி இங்கேயே வரும். கட்டாருக்கும் கொழும்புக்கும் ஓடும் ஓட்டம் ஒரு தலைமுறைக்குள் நின்றுவிடும்.