கால்பங்கு பார்வை அற்பமா?

"உயிர் தப்பியதே பெரிது, பார்வையில் ஒரு மூலை போனால்தான் என்ன?" என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மூளையில் கட்டி என்றும் தீராத வலிப்பு என்றும் கொழும்புக்கும் கண்டிக்கும் கொண்டுசெல்லப்படும் கிழக்கிலங்கை ஏழைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இவ்வாசகம் வந்து விழுகிறது. கேட்பதற்குக் கருணைபோலத் தோன்றும். சற்றே ஆராய்ந்தால், ஏழையின் உடம்பிலிருந்து எதையெல்லாம் கழித்துக்கொள்ளலாம் என்று மேலிருந்து போடப்படும் கணக்கே இது என்பது விளங்கும். இக்கணக்கை ஏற்க நாம் மறுக்கிறோம்.

அந்த 'ஒரு மூலை' எது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். கண் காண்கிறது என்பது பாதி உண்மையே. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நரம்பிழைகள் புறப்படுகின்றன. மூளையின் அடித்தளத்தில் இரு கண்ணின் இழைகளும் சந்திக்கின்றன; மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் எதிர்ப்புறம் மாறுகின்றன. ஆகவே இரு கண்களும் காணும் உலகின் இடப்பாதி வலது மூளைக்கும், வலப்பாதி இடது மூளைக்கும் போய்ச் சேர்கிறது. அதன்பின் நடு நிலையம் ஒன்றில் செய்தி கைமாறி, விசிறிபோல் விரியும் இழைக்கற்றை வழியாகப் பிடரிப்புற மூளையை அடைகிறது. இவ்விசிறியின் ஒரு பகுதி நேரே பின்னோக்கிச் செல்வதில்லை. முதலில் முன்னோக்கி ஓடி, நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மடலுக்குள் நுழைந்து வளைந்து, பிறகே பின்னால் திரும்புகிறது. 1907 இல் இதனை விவரித்த அடொல்ஃப் மேயரின் பெயரால் இது மேயரின் வளையம் எனப்படுகிறது. நம் பார்வைப் புலத்தின் மேற்பாதியைச் சுமந்து செல்வது இவ்வளையமே.

வலிப்புள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்து கேட்பதில்லை. அவர்களுள் தகுந்தவர்களுக்கு அந்தப் பொட்டு மடலின் முன்பகுதியை அகற்றுவது உலகெங்கும் நன்கு தெரிந்த சத்திரசிகிச்சை. பலரை அது வலிப்பிலிருந்து விடுவித்திருக்கிறது. ஆனால் வலப்புறம் வெட்டும் கத்தி வளையத்தைத் தீண்டினால், இரு கண்களுக்கும் இடப்பக்க மேல் கால்பங்கு இல்லாமற் போகும். அங்கே இருள்கூடத் தெரியாது. ஒன்றுமே இராது. இழந்தவரே பல சமயம் அதனை அறியமாட்டார். நிலைக்கதவில் இடித்துக்கொள்வார், தாழ்ந்த கிளையில் நெற்றியை மோதிக்கொள்வார், கவனக்குறைவு என்று தம்மையே நொந்துகொள்வார். முறைப்பாடு எழாததைக் காட்டி இழப்பே இல்லை என்று சாதிப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

இந்த வளையம் எங்கே இருக்கிறது? பொட்டு மடலின் முனையிலிருந்து 22 மில்லிமீற்றரில் ஒருவருக்கு இருக்கும். இன்னொருவருக்கு 37 மில்லிமீற்றரில் இருக்கும். 1988 இல் இறந்தவர் மூளைகளைப் பகுத்துப் பார்த்தவர்கள் கண்ட வேறுபாடு இது. பாடநூலில் அச்சான சராசரி மனிதனை நம்பிக் கத்தி வைத்தால், அந்த ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குள் ஒருவருடைய பிழைப்பு அகப்பட்டுக்கொள்ளும். சராசரி மனிதன் அக்கரைப்பற்றில் பிறப்பதில்லை, எங்குமே பிறப்பதில்லை. பிறப்பவர்கள் தனித்தனி மனிதர்கள். ஆகவே ஒவ்வொருவர் மூளைக்கும் தனித்தனி வரைபடம் வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கை ஆகாது.

இவ்வரைபடத்தின் வரலாறும் நமக்கு அந்நியமானதன்று. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை எழுதினார். அதன் பிரதியொன்றை அவருடைய மருமகன் 1083 இல் எழுதி முடித்தார். இரு கண்களும் அவற்றின் நரம்புகள் சந்திக்கும் இடமும் வரையப்பட்ட அப்பிரதி இஸ்தான்புல்லில் இருக்கிறது. எஞ்சியுள்ள இத்தகைய படங்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. நம் ஊர் மேடைகளில் அவர் பெயர் சொல்லிப் பெருமை பேசுகிறோம். நல்லதே. அந்தப் படத்தின் தொடர்ச்சியை நம் ஊர்ப் பிள்ளையின் தலையில் வரைந்து தருமாறு எந்த மேடையிலும் கேட்பதில்லை.

மறுமுனையில் இன்னொரு வரலாறு. 1904-05 ருஷ்ய ஜப்பானிய யுத்தத்தில் ருஷ்யத் துப்பாக்கிகளின் வேகமிக்க சிறு குண்டுகள் ஜப்பானியச் சிப்பாய்கள் பலரின் மண்டையை ஊடறுத்துச் சென்றன. சிலர் உயிர் பிழைத்தனர். தட்சூஜி இனொயூ என்ற கண் வைத்தியர் அவர்களுடைய பார்வைப் புலத்தை அளந்தார். எதற்காக? எவ்வளவு பார்வை போயிற்று, எவ்வளவு ஓய்வூதியம் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பதற்காக! குண்டு நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் இணைத்து, பிடரி மூளையின் எந்தப் பகுதி உலகின் எந்தப் பகுதியைக் காண்கிறது என்று 1909 இல் அவர் எழுதினார். முதல் உலக யுத்தத்தில் கோர்டன் ஹோம்ஸ் பிரித்தானியச் சிப்பாய்களிடம் அதே வேலையைத் தொடர்ந்தார். ஏழைச் சிப்பாயின் உடைந்த மண்டையிலிருந்து திரட்டப்பட்ட அறிவு இது. அதன் பயன் மட்டும் பணம் படைத்தவர்களின் மருத்துவமனைகளுக்கு உரியதாகிவிட வேண்டுமா?

இன்று குண்டும் வேண்டாம், பிணமும் வேண்டாம். மூளையிலுள்ள நீர் நரம்பிழையின் நீளவாட்டில் எளிதாகவும் குறுக்குவாட்டில் அரிதாகவும் பரவுகிறது. காந்த ஒத்ததிர்வு ஸ்கேன் கருவியால் இதனை அளந்து இழைகளின் திசையைக் கணிக்கும் முறையைப் பீற்றர் பாஸரும் தோழர்களும் 1994 இல் வெளியிட்டனர். உயிரோடிருப்பவரின் வளையத்தைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே திரையில் காணலாம் என்றாயிற்று. ஓர் இடர் உண்டு: மண்டையைத் திறந்து திரவம் வடிந்ததும் மூளை தன் இடத்திலிருந்து சற்றே நகர்ந்துவிடும்; முன்பு வரைந்த படம் தப்பாகிவிடும். இலண்டனில் சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே ஸ்கேன் எடுத்துப் படத்தைத் திருத்தி, வைத்தியரின் நுண்காட்டியில் வளையத்தைக் காட்டிக்கொண்டே சிகிச்சை செய்தார்கள். அவ்வாறு சிகிச்சை பெற்ற 21 பேரில் ஒருவர்கூட வாகனம் ஓட்டும் உரிமையை இழக்குமளவு பார்வை குன்றவில்லை என்று 2014 இல் அறிவித்தார்கள். சிலருக்குச் சிறிது குறைந்தது உண்மை. ஆனால் பிழைப்பு குலையவில்லை.

வாகனம் ஓட்டும் உரிமை என்ற அளவுகோலைக் கவனியுங்கள். அக்கரைப்பற்றில் முச்சக்கர வண்டி ஓட்டி உம்மாவையும் தங்கச்சிமாரையும் காப்பாற்றும் இளைஞனுக்கு, வட்டையில் உழவு மெஷின் ஓட்டும் கூலியாளுக்கு, அனுமதிப்பத்திரம் என்பது அடுப்பில் எரியும் நெருப்பு. கனவானுக்கு ஒரு மூலை போனால் சாரதியை வைத்துக்கொள்வார். கூலியாளே அந்தச் சாரதி!

"ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு? முதலில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுங்கள்" என்பது அடுத்த வாதம். 2022 இல் நாடு கடனில் மூழ்கியபோது மருந்தில்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன என்பதை நாம் மறக்கவில்லை. மாத்திரையும் வேண்டும், வரைபடமும் வேண்டும் என்கிறோம். இரண்டிலொன்றை ஏழையே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது யார் வகுத்த விதி? மொன்றியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949 இல் வேலூரில் நரம்பியல் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி தொடங்கினார். பஞ்சமும் பிரிவினையும் கண்ட இந்தியா அன்று செல்வத்தில் மிதந்துகொண்டிருந்ததா? நம் நாட்டில் ஹட்சன் சில்வா 1961 இல் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964 இல் சிங்கப்பூருக்குக் கண்கள் சென்றன. பின்னர் பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளுக்கு ஆயிரமாயிரமாய்ச் சென்றன. உலகுக்குக் கண் கொடுத்த நாடு, தன் மக்களின் கண்ணுக்குப் பின்னால் ஓடும் பாதையைக் காக்க வசதியில்லை என்று சொன்னால் யார் நம்புவார்?

கூடத்துக்குள் ஸ்கேன் வைப்பது பெருஞ்செலவு என்பது மெய்தான். ஆனால் முன்கூட்டியே வரைபடம் தயாரிக்க வழக்கமான ஸ்கேன் கருவியே போதும். கணக்கிடும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இல்லாதது, அதை இயக்கப் பயின்ற ஆட்களுக்கான பதவியும் சம்பளமும். ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. கணிதமும் பௌதிகமும் கற்ற பிள்ளைகள் அங்கிருந்து வெளிவந்து வேலையின்றி அலைவது எவர் செய்த குற்றம்?

நம் பக்கத்துக் குறையையும் மூடி மறைப்பதற்கில்லை. வலிப்பு வந்த பிள்ளைக்கு ஜின் பிடித்தது என்று இசும் கட்டியும், ஆலையடிவேம்புப் பக்கம் பேயென்று வேப்பிலை அடித்தும் ஆண்டுகளைப் பாழாக்குகிறோம். தொழுகையும் வழிபாடும் அவரவர் உரிமை. நூல் கட்டுபவருக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது பிள்ளைக்கு இழைக்கும் தீங்கு. இதனை வகுப்பறையில் சொல்ல அஞ்சும் ஆசிரியர், அரசாங்கத்தைக் குறைகூறும் தகுதியில் பாதியை இழக்கிறார்.

இன்னுமொன்று. தனிச்சிங்களச் சட்டம் 1956 இல் வந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதியது கட்டில்வரை வந்து சேர்ந்ததா? 'உங்கள் பார்வையின் மேல் கால்பங்கு போகக்கூடும்' என்று தன் மொழியில் கேளாத ஒருவர் ஒப்பமிட்டால் அது சம்மதமாகுமா?

ஆகவே நாம் கேட்பது இது. மூளையில் கத்தி படுமுன்னும் பட்டபின்னும் ஒவ்வொருவருடைய பார்வைப் புலமும் அளக்கப்பட்டு, கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதப்பட வேண்டும். கருவி இல்லாத இடத்தில் வைத்தியர் எதிரே அமர்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, நான்கு மூலையிலும் விரலை அசைத்துக் கேட்கலாம். ஐந்து நிமிட வேலை. வளையத்தின் அருகே கத்தி போகுமாயின் முன்னதாக வரைபடம் எடுக்கப்பட வேண்டும். அதற்கான செலவு, காணியை ஈடுவைக்கும் குடும்பத்தின் தலையில் அல்லாமல் சுகாதார அமைச்சின் கணக்கில் எழுதப்பட வேண்டும். பார்வை குன்றி வேலை இழந்தவருக்கு, ஜப்பானியச் சக்கரவர்த்தியின் அரசாங்கம் தன் சிப்பாய்க்கு அளந்து கொடுத்ததைப்போல, நம் குடியரசும் அளந்து கொடுக்கட்டும்.