பசுமை ஆற்றல் ஆய்வும் நீக்கப்பட்ட ஏழாவது கேள்வியும்

முனைவர் பட்ட ஆய்வில் இது எனக்கு ஐந்தாவது ஆண்டு. அதில் இரண்டு ஆண்டுகள், ஒரு பல்கலைக்கழகமும் ஒரு சூரிய மின் நிறுவனமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு நடத்திய கூட்டு ஆய்வில் களப்பணியாளனாக இருந்தேன். காலநிலை மாற்றத்தைக் கிராமங்கள் எப்படித் தாங்கும், தூய ஆற்றல் அதற்கு எப்படி உதவும் என்பது ஆய்வின் பொருள். தென்மாவட்டம் ஒன்றில் நிறுவனத்தின் சூரிய மின் பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. நிறுவனத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ இங்கே எழுத முடியாது. ஒப்பந்தத்தின் ரகசியக் காப்புப் பிரிவு தடுக்கிறது. அந்தப் பிரிவைப் பற்றியும் பேசத்தான் போகிறேன்.

நாங்கள் தயாரித்த வினாப்பட்டியலில் ஏழாவது கேள்வி சாதி. எட்டாவது கேள்வி, நிலம் உண்டா, பட்டா யார் பெயரில் என்பது. ஒப்புதலுக்காக நிறுவனத்துக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது ஏழாவது கேள்வி இல்லை. ஆய்வின் நோக்கத்துக்குத் தொடர்பில்லாதது, பதற்றத்தை உண்டாக்கும் என்று ஓரத்தில் குறிப்பு இருந்தது. எட்டாவது கேள்வி ஏழாவது ஆகியிருந்தது. நெறியாளரிடம் போனேன். “இதுக்காக ப்ராஜெக்ட்ட நிறுத்த முடியாதுப்பா, முதல்ல வேலைய முடி” என்றார். அவர் கெட்டவர் அல்ல. அந்தப் பணத்தில்தான் எங்கள் துறையில் நான்கு பேருக்குச் சம்பளம். நால்வரில் நானும் ஒருவன்.

களத்துக்குப் போனால், நிறுவனம் நீக்கிய கேள்வியை எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பெரியவர் ஒருவர், திண்ணையில் உட்காரச் சொல்வதற்கு முன்பே “தம்பிக்கு எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?” என்றார். காலனியில் ஓர் அம்மா “யாரு வீட்டுப் புள்ளய்யா நீ, நம்ம பக்கமா?” என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தார். நான் பிறந்ததும் காலனிதான். பெரியவரிடம் சொன்ன பிறகு திண்ணைப் பேச்சு வாசலிலேயே முடிந்தது. அம்மாவிடம் சொன்ன பிறகு இரண்டு மணி நேரம் பேசினோம். சாதி, ஆய்வின் நோக்கத்துக்குத் தொடர்பில்லாதது என்றால், எனக்குக் கிடைத்த பதில்களே எப்படி இரண்டு விதமாக இருந்தன?

அந்த அம்மா சொன்னது இது. மின் பண்ணை வருவதற்கு முன் அந்த இடம் முழுக்கச் சீமைக்கருவேலங்காடு. நிலம் யார் யாருடையதோ. ஆனால் விறகு வெட்டி, அடுக்கி, மேலே மண் பூசி, தீ வைத்து, பல நாள் காவல் இருந்து கரிமூட்டம் போட்டது காலனிச் சனம். ஆடு மேய்த்ததும் அங்கேதான். “காடு கம்பெனிக்காரன் கைக்குப் போனதுல இருந்து மூட்டம் போட எடமில்ல. பட்டா இருந்தவனுக்குப் பணம் வந்துச்சு. எங்களுக்கு என்னய்யா இருந்துச்சு, கையும் அரிவாளும்தான. நீயும் எழுதிட்டுத்தான் போற. எழுதி என்ன செய்வ?” இப்போது அந்த வீட்டுப் பெண்களில் சிலருக்கு ஒப்பந்தக்காரர் மூலம் தகடு கழுவும் வேலை, புல் அறுக்கும் வேலை. அதுவும் எல்லா மாதமும் இல்லை.

எங்கள் இறுதி அறிக்கையில் இந்தக் காடு ‘பயன்பாடற்ற தரிசு நிலம்’ என்று இருக்கிறது. நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் கொடுத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஊருக்குள் கோயில் பக்கத்தில் நிற்கிறது. காலனிப் பெண்கள் அங்கே தண்ணீர் பிடிக்கப் போவதில்லை. ஏன் என்று கேட்க வினாப்பட்டியலில் இடமில்லை. அறிக்கையில் அது ‘கிராம மக்கள் அனைவருக்கும் பொதுவானது’ என்று பதிவாகியிருக்கிறது. இந்த இரண்டு வரிகளையும் எழுதியவன் நான். கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

இதை என் தனிப்பட்ட குற்ற உணர்ச்சியாக மட்டும் முடித்துவிட முடியாது. ஏனென்றால் இந்தியாவில் அறிவியல் ஆய்வுக்கான பணம் வரும் வழியே மாறிக்கொண்டிருக்கிறது. 2023இல் அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் ஏறத்தாழ 36,000 கோடி தொழில் நிறுவனங்கள் உள்ளிட்ட அரசுக்கு வெளியே உள்ளவர்களிடம் இருந்து வரும் என்பது கணக்கு. பணம் கொடுப்பவர் கேள்வியையும் தீர்மானிப்பார். எங்கள் வினாப்பட்டியலுக்கு நடந்ததை நாடு முழுமைக்கும் பெருக்கிப் பாருங்கள்.

எந்தக் கேள்விக்குப் பணம், எந்தக் கேள்விக்கு இல்லை என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். அந்தப் பணத்தை அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஐஐடிகளுக்கும் ஆய்வுக்காகத் தரலாம் என்று 2019இல் திருத்தினார்கள். எந்த ஆய்வுக்கு? அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம். இந்த நான்குதான் பட்டியலில் உண்டு. சமூக அறிவியல் இல்லை. தகட்டின் திறனைக் கூட்டும் ஆய்வுக்கு அந்தப் பணம் உண்டு. தகடு நிற்கும் நிலத்தில் யார் பிழைத்தார்கள் என்ற ஆய்வுக்கு இல்லை. 2022இல் ஒன்றிய அரசு, பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிப்பதற்கான தேசிய உதவித்தொகையில், இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு பற்றிய ஆய்வுக்குப் பணம் தர முடியாது என்று விதி போட்டதையும் இதோடு சேர்த்து வாசியுங்கள். நிறுவனப் பணம் சாதியைக் கேட்காது. அரசுப் பணத்தில் நாம் போய்க் கேட்கவும் கூடாது.

சரி, கேள்வி கேட்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள்? 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்க்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இது. சட்டப்படி இருக்க வேண்டியது 15, 7.5. இதுவாவது சேர்க்கை. இடஒதுக்கீடு என்று ஒரு விதி இருப்பதால் மீறலைச் சுட்டிக்காட்டவாவது முடிகிறது. கூட்டு ஆய்வுகளில் எடுக்கப்படும் திட்டப் பணியாளர்களுக்கு அதுவும் இல்லை. இந்த ஐந்து ஆண்டுகளில் நான் விண்ணப்பித்த எந்தத் திட்டப் பணி விளம்பரத்திலும் இனச்சுழற்சி முறை பற்றி ஒரு வரி பார்த்ததில்லை. நேர்காணலுக்கு வரவும், முதன்மை ஆய்வாளரின் முடிவே இறுதியானது, அவ்வளவுதான். நாளை பேராசிரியர் பணிக்கு ‘ஆய்வு அனுபவம்’ என்று எதைக் கேட்பார்களோ, அது இன்று இந்த வாசலில்தான் பங்கு போடப்படுகிறது.

நான் பார்த்தது ஒரு ஊரின் கதை மட்டும் அல்ல. கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்துப் பாவகடா சூரிய மின் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 2,050 மெகாவாட், ஏறத்தாழ 13,000 ஏக்கர், ஐந்து ஊர்கள். நிலத்தைக் கையகப்படுத்தாமல் குத்தகைக்கு எடுத்த முன்மாதிரி என்று இதைப் புகழ்கிறார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. வறண்ட பூமியில் நிலம் வைத்திருந்தவருக்கு இது நல்ல பணம்தான். ஆனால் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கு? அங்கே போன செய்தியாளர்களும் ஆய்வாளர்களும், நிலமற்ற கூலிகள், அவர்களில் பெரும்பாலும் தலித்துகள், வேலை இழந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சட்டச் சூட்சுமம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதில் நிலம் இல்லாத விவசாயக் கூலிகளையும் வாரக் குத்தகைதாரர்களையும் சேர்த்திருக்கிறது. மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து பிழைத்திருந்தாலே அவர்களுக்கு மறுவாழ்வு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சட்டம் முதன்மையாக, அரசு நிலத்தைக் கையகப்படுத்தும்போதுதான் பேசும். உரிமையாளரோடு நேரடியாகக் குத்தகை போட்டுக்கொண்டால் கூலிக்காரர் என்று ஒருவர் இருப்பதே சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. சூரிய ஒளி மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் தேவையில்லை. ஆகவே மக்களிடம் கருத்துக் கேட்பும் இல்லை. பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு. அவர்கள் கையில் இருக்கும் சாகுபடி நிலம் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலம் வைத்திருப்பவரோடு மட்டும் பேசும் எந்தத் திட்டமும், வாயால் சொல்லாமலே, சாதி பார்த்துத்தான் பணம் கொடுக்கிறது.

‘காலநிலையைத் தாங்கும் திறன்’ என்ற சொல்லும் இப்படித்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள், ஆற்றைக் காப்பாற்றுவதற்காக, அவர்களையே வெள்ளத்தில் இருந்து காப்பாற்றுவதற்காக, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். மழை வலுத்தால் அங்கேயும் வெள்ளம்தான். அதே சதுப்பு நிலத்தை ஒட்டி எழுந்த மென்பொருள் வளாகங்களை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. யாருடைய தாங்கும் திறனை யார் அளக்கிறார்கள் என்று கேட்காத ஆய்வு, அப்புறப்படுத்தும் அதிகாரிக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலையாகத்தான் முடியும்.

“அப்படியானால் சூரிய மின்சாரமே வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும். அனல்மின் நிலையத்தின் சாம்பலை எண்ணூரில் சுவாசிப்பவர்கள் நம் மக்கள். சித்திரை வெயிலில் வயலிலும் சூளையிலும் நிற்பவர்கள் நம் மக்கள். புவி வெப்பமாதல் முதலில் அடிப்பது அவர்களைத்தான். மின்சாரத்தை எதிர்ப்பது நம் மரபும் அல்ல. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல் மின்சாரக் கொள்கைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். மலிவான, தாராளமான மின்சாரம் கிடைத்தால்தான் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால்தான் வறுமையில் இருந்து மக்கள் மீள முடியும் என்று வாதிட்டார். கூடவே, மின்சாரம் அரசின் கையில் இருக்க வேண்டுமா தனியார் கையிலா என்ற கேள்வியையும் அவர் முன்வைத்தார். யாருக்காக, யார் கையில் என்ற இரண்டு கேள்விகளும் அவருக்குத் தொழில்நுட்பத்தில் இருந்து வேறானவை அல்ல. நாமும் அதையேதான் கேட்கிறோம்.

நிறுவனங்கள் பணம் தராவிட்டால் ஆய்வே நடக்காது என்பது இன்னொரு வாதம். ஆய்வுக்கூடம் மக்கள் பணத்தில் கட்டியது. பேராசிரியருக்குச் சம்பளம் மக்கள் பணம். நிறுவனம் கொண்டுவருவது அதன் மேல் ஒரு பங்கு. அந்தப் பங்குக்காக முழு ஆய்வின் வாயையும் கட்ட வேண்டியதில்லை. கூட்டு ஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதன் நிபந்தனைகளை மாற்றச் சொல்கிறேன்.

ஒன்று, அரசுப் பல்கலைக்கழகங்கள் போடும் எல்லா ஆய்வு ஒப்பந்தங்களும் வெளியிடப்பட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலே வெளியிடு என்றுதான் சொல்கிறது. வணிக ரகசியம் என்ற விலக்குகூட, பெரும் பொதுநலன் இருந்தால் செல்லாது. இரண்டு, கண்டுபிடிப்பின் காப்புரிமை வேறு, மக்களிடம் கேட்டு எழுதிய தரவு வேறு. பின்னதை வெளியிடுவதைத் தடுக்கும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் தரப்படக் கூடாது. மூன்று, திட்டப் பணிகள் அனைத்திலும் இடஒதுக்கீடும் இனச்சுழற்சியும் வேண்டும். நான்கு, தூய ஆற்றல் பற்றிய எந்தக் கள ஆய்விலும் சாதியும் நிலவுடைமையும் கட்டாயக் கேள்விகளாக இருக்க வேண்டும். ஐந்து, குத்தகை நிலத்தில் வரும் மின் பூங்காக்களுக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும். நிலமற்றவருக்கு ஆண்டுதோறும் வருமானத்தில் பங்கு வேண்டும். குத்தகைப் பணம் ஆண்டுதோறும் கொடுக்க முடிகிறவர்களுக்கு இதையும் கொடுக்க முடியும்.

ஆய்வு மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிதியுதவி மாதக்கணக்கில் தாமதமாகும்போது, நெறியாளரின் திட்டச் சம்பளத்தை நம்பி அறை வாடகை கட்டும்போது, கையெழுத்துப் போடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நான் போட்டேன். ஆனால் உங்கள் துறையில் என்ன ஒப்பந்தம் இருக்கிறது, அதில் தரவு யாருக்குச் சொந்தம் என்று ஒரு தகவல் உரிமை மனு போடலாம். பத்து ரூபாய்தான் செலவு. தனியாகப் போட்டால் அடையாளம் தெரியும். பலர் சேர்ந்து, பல துறைகளில் ஒரே நாளில் போடுங்கள்.

ஏழாவது கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக, ஊரா காலனியா என்று என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். கரிமூட்டத்தையும், யாரும் தண்ணீர் பிடிக்கப் போகாத அந்த இயந்திரத்தையும் எழுதி வைத்தேன். என் ஆய்வேட்டின் ஓர் இயலில் இவை அனைத்தும் இடம்பெறும். நீக்கச் சொல்லி ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். நீக்கினால் அடுத்த ஆண்டே பட்டம், நீக்காவிட்டால் எத்தனை ஆண்டு என்று தெரியாது.

எழுதி என்ன செய்வாய் என்று அந்த அம்மா கேட்டார். முதலில், எழுதியதை அழிக்காமல் வைத்திருக்கிறேன் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.