தொற்றும் ஒட்டுவாரொட்டியும்

'கண்டேஜியன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வேர் இலத்தீன். சேர்ந்து தொடுதல் என்பதே மூலப்பொருள். 'இன்ஃபெக்‌ஷன்' அப்படியன்று; சாயத்தில் தோய்த்தலைக் குறித்த வினையிலிருந்து பிறந்தது. நாமோ இரண்டையும் 'தொற்று' என்றே எழுதிவிடுகிறோம். முன்னதற்கு 'ஒட்டுவாரொட்டி' என்ற அருமையான சொல் இருக்கிறது. எங்கள் அறந்தாங்கிப் பக்கத்துப் பாட்டிமார் சொறிசிரங்கை அப்படித்தான் சொல்வார்கள்.

டெங்கு கொசுவால் பரவுவது. நோயாளியைத் தொட்டால் வராது. ஆயினும் 'தொற்றுநோய்' என்று காதில் விழுந்ததும் அவ்வீட்டு வாசலை மிதிக்க அஞ்சுகிறார்கள். தொழுநோயின் கதை இன்னும் கொடிது. எளிதில் பரவாத, மருந்தால் குணமாகிற அந்நோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற இந்துத் திருமணச் சட்டப் பிரிவு 2019இல்தான் நீக்கப்பட்டது. தீண்டாமை வேரோடிய மண்ணில், தொடுதலையே குற்றவாளியாக்கும் சொல்லை இத்தனை அலட்சியமாகவா ஆள்வது? டெங்குச் சுவரொட்டிகளில் 'தொற்றுநோய்' என்பதை அடித்துவிட்டு, 'கொசுவால் பரவும் நோய்' என்று எழுதட்டும்.