படுக்கையறைக்குள் ஓர் ஆய்வுகூடம்



உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி வீட்டில் இருந்தால், "டொக்டராக வருவாளோ?" என்பதுதான் அயலவர்கள் கேட்கும் முதற் கேள்வி. "விஞ்ஞானியாக வருவாளோ?" என்று எவரும் கேட்பதில்லை. நோய் ஏன் வருகிறது, உடம்பு எப்படி வளர்கிறது என்று தேடி ஆய்வுகூடத்தில் காலத்தைக் கழிக்கும் மருத்துவ விஞ்ஞானிகளை நாம் அதிகம் அறிந்ததில்லை. அந்தத் தொழிலின் ஆரம்ப வருடங்களில் ஒரு பெண்ணுக்கு யார் யார் துணை நிற்க வேண்டும் என்பதையும் நாம் யோசிப்பது குறைவு.

இம்மாதம் அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் ஆரம்ப வருடங்களைப் பற்றிப் பேசுவோம். அவருக்கு அவை யுத்தத்துக்குள் கழிந்த வருடங்கள். ஆகையால் அவரை விளங்கிக்கொள்வது உங்களுக்குக் கடினமாக இராது.

இத்தாலி நாட்டின் ரியூரின் நகரில் 1909 ஏப்ரல் 22 ஆம் திகதி இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்தன. ஒருவர் பாவோலா, பின்னாளில் ஓவியர். மற்றவர் ரீற்றா லெவி மொன்ரல்சீனி. தகப்பனார் பொறியியலாளர், அன்பானவர், படித்தவர். ஆனால் பெண்கள் தொழில் பார்த்தால் மனைவியாகவும் தாயாகவும் தம் கடமையைச் செய்ய முடியாது என்று நம்பியவர். அதனால் பெண்பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்வதில்லை என்பது அந்த வீட்டின் தீர்மானம்.

வீட்டில் நீண்டகாலம் அவர்களுடன் இருந்து பிள்ளைகளை வளர்த்த ஜொவான்னா என்ற பெண்மணிக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்தது. அவருடைய மரணம் ரீற்றாவின் மனதை உலுக்கியது. மருத்துவம் படிக்கவேண்டும் என்று தகப்பனாரிடம் அனுமதி கேட்டபோது அவருக்கு வயது இருபது. தகப்பனார் அரை மனதுடன் சம்மதித்தார். பாடசாலையில் படித்திராத லத்தீன், கிரேக்கம், கணிதம் எல்லாவற்றையும் எட்டு மாதத்தில் படித்து முடித்து மருத்துவபீடத்தில் சேர்ந்தார். படிப்பு இடையில் நின்றுபோன சகோதரிகள் இதை ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அவருடைய உண்மையான படிப்பு இருபது வயதுக்குப் பின்னர்தான் தொடங்கியது.

மருத்துவபீடத்தில் அவருக்கு வாய்த்த ஆசான் பேராசிரியர் ஜூசெப்பே லெவி. உரத்த குரலும் சட்டென்று வரும் கோபமும் உள்ளவர். பிழை விட்டால் முகத்துக்கு நேரே ஏசுவார். ஆனால் கையைப் பிடித்து வேலை பழக்குவார். நரம்புக்கலங்களுக்கு வெள்ளியுப்பால் நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முறையை ரீற்றா அவரிடமே கற்றார். அதே ஆசானிடம் அதே காலத்தில் படித்தவர்கள் சல்வடோர் லூரியாவும் ரெனாற்றோ டல்பெக்கோவும். இந்த மூவருமே பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள்: லூரியா 1969 இல், டல்பெக்கோ 1975 இல், ரீற்றா 1986 இல். ஒரே ஆசானின் கண்டிப்புக்குள் ஒன்றாக வளர்ந்த கூட்டம் அது.

1936 இல் ரீற்றா மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டே வருடத்தில், 1938 இல், முசோலினியின் அரசு யூதருக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தது. ரீற்றா யூதர், பேராசிரியர் லெவியும் யூதர். இருவருக்கும் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டது. ரீற்றா பெல்ஜியத்துக்குப் போய் ஓர் ஆய்வு நிலையத்தில் சிறிது காலம் வேலை செய்தார். 1940 இல் ஜேர்மன் படை அந்த நாட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னர் ரியூரினுக்குத் திரும்பினார். குடும்பம் நாட்டை விட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தது.

வேலை இல்லை. வெளியே போவதும் ஆபத்து. அந்த நிலையில் அவர் தன் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையல் ஊசிகளைக் கல்லில் தீட்டி நுண்ணிய கத்திகளாக்கினார். மணிக்கூடு திருத்துபவர் பாவிக்கும் சிறு இடுக்கியும் ஒரு நுணுக்குக்காட்டியும் கிடைத்தன. கட்டடக் கலைஞரான அண்ணன் ஜீனோ உபகரணங்கள் அமைக்க உதவினார். ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டது கோழிமுட்டை மட்டும்தான்.

முட்டைக்குள் வளரும் குஞ்சின் முளையத்தில், காலாகவோ செட்டையாகவோ வளரவேண்டிய சிறு மொட்டை வெட்டி எடுத்துவிட்டால், அந்த இடத்துக்குப் போகவேண்டிய நரம்புக்கலங்களுக்கு என்ன நடக்கும்? இதுதான் அவருடைய கேள்வி. அமெரிக்காவில் இருந்த விக்ரர் ஹம்பர்கர் என்ற விஞ்ஞானி 1934 இல் எழுதிய கட்டுரையில் இருந்து பிறந்த கேள்வி அது. முட்டையை அடைவைப்பது, மொட்டை வெட்டுவது, முளையத்தை மெல்லிய சீவல்களாகச் சீவுவது, நிறமூட்டுவது, கலங்களை ஒவ்வொன்றாக எண்ணுவது. நாளும் இதே வேலை. விஞ்ஞானியின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். நெல்லில் கல் பொறுக்குவது போன்ற பொறுமை வேண்டும்.

சிறிது காலத்தில் பேராசிரியர் லெவியும் பெல்ஜியத்தில் இருந்து தப்பி வந்து சேர்ந்தார். நாடறிந்த அந்தப் பேராசிரியர், தன் மாணவியின் படுக்கையறையில் அவருக்கு உதவியாளராக இருந்து வேலை செய்தார். சகோதரிகளே, வழிகாட்டுவது என்றால் எப்போதும் முன்னால் நடப்பதல்ல. வேண்டிய வேளையில் மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்ன வேலையைச் செய்வதும் வழிகாட்டல்தான்.

ரியூரின் மீது குண்டுகள் விழத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் ரீற்றா நுணுக்குக்காட்டியையும் அருமையான மாதிரிகளையும் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடுவார். பங்கருக்குள் ஓடும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுத் தாளையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடியவர்களுக்கு இது புரியும்.

பின்னர் குடும்பம் கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கும் ஒரு சிறு மேசை ஆய்வுகூடமாயிற்று. ரீற்றா சைக்கிளில் வீடு வீடாகப் போய், "என் பிள்ளைகளுக்கு" என்று சொல்லி முட்டை வாங்குவார். சேவல் உள்ள வீடா என்றும் விசாரிப்பார். கருக்கட்டிய முட்டை பிள்ளைகளுக்கு அதிக சத்து என்பது அவர் சொன்ன சாட்டு. முளையத்தை எடுத்தபின் மிஞ்சியது குசினிக்குப் போகும். அதைத் தெரிந்துகொண்ட நாளில் இருந்து ஜீனோ முட்டைப் பொரியலைத் தொடவில்லையாம்!

அந்த மேசையில் அவர் கண்டது இதுதான். நரம்புக்கலங்கள் உருவாகின்றன, வளரவும் தொடங்குகின்றன. ஆனால் போய்ச் சேரும் இடத்தில் இருந்து கிடைக்கவேண்டிய ஏதோ ஒன்று கிடைக்காமல் பின்னர் மடிகின்றன. கலங்கள் சரியாக உருவாவதே இல்லை என்பது ஹம்பர்கரின் கருத்து; ரீற்றாவின் முடிவு அதற்கு மாறானது. இத்தாலியில் யூதரின் ஆய்வுகளைப் பிரசுரிக்க முடியாத நிலையில் அவரும் லெவியும் எழுதிய கட்டுரை பெல்ஜியத்தில் வெளியாயிற்று.

1943 இல் ஜேர்மன் படை இத்தாலிக்குள் வந்தது. குடும்பம் புளோரன்ஸ் நகரில் பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்ந்தது. 1944 இல் அந்த நகரம் விடுபட்டதும் ரீற்றா அகதி முகாமில் வைத்தியராகச் சேர்ந்தார். வடக்கில் இருந்து நூற்றுக்கணக்கில் மக்கள் வந்துகொண்டிருந்தார்கள். நெருப்புக்காய்ச்சல் பரவியது. வைத்தியரும் அவரே, தாதியும் அவரே. கண்முன்னே குழந்தைகள் இறந்தன. அதன்பின் நோயாளர் பார்க்கும் தொழிலுக்கு அவர் திரும்பவே இல்லை. அதைப் பலவீனம் என்று நாம் சொல்லமாட்டோம். முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும், சில காட்சிகளுக்குப் பின் பழைய வேலைக்குத் திரும்ப எல்லோராலும் முடியாது.

யுத்தம் முடிந்ததும் லெவி தன் ஆய்வுகூடத்தில் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் இருந்து ஹம்பர்கரின் அழைப்பு வந்தது. தன் முடிவோடு முரண்பட்ட இளம் பெண்ணை அவர் பகைக்கவில்லை. "வாருங்கள், சேர்ந்தே செய்து பார்ப்போம்" என்ற மனத்துடன் கூப்பிட்டார். அவரும் 1933 இல் நாசிகளின் சட்டத்தால் ஜேர்மனியில் வேலை இழந்தவர். 1947 இல் டல்பெக்கோவும் ரீற்றாவும் ஒரே கப்பலில் அமெரிக்கா சென்றார்கள். ஒரு வருடத்துக்குள் திரும்புவதாகப் போனவர், சென் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ முப்பது வருடம் இருந்தார். அம்மாவுக்கும் பாவோலாவுக்கும் இடைவிடாமல் கடிதம் எழுதினார்.

1952 இல் ஒரு சோதனைக்காக, கட்டி வளர்ந்த எலிகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பிறேசிலுக்குப் பறந்தார். அங்கே ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டவர் ஹேர்தா மையர். ரியூரினில் லெவியிடம் வேலை செய்து, பின் அகதியாகப் பிறேசில் சென்ற பழைய தோழி. முதல் வாரங்களில் சோதனை சரிவரவில்லை. பின்னர் ஒரு நாள் நரம்பு இழைகள் சூரியக் கதிர்கள் போல விரிந்தன. கட்டியில் இருந்து வந்த ஏதோ ஒரு பொருள் நரம்பை வளர்க்கிறது என்பது நிச்சயமாயிற்று. 1953 இல் வந்து சேர்ந்த ஸ்ரான்லி கோஹன் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர். 1986 இல் நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும் கிடைத்தது. ஹம்பர்கரின் பெயர் அதில் இல்லை. அது சரியல்ல என்று சொன்ன விஞ்ஞானிகளும் உண்டு. வழிகாட்டியவர்களின் பங்கு பட்டியலில் ஏறாமல் போவது நாம் அறியாததல்ல. கருவிழியின் நரம்பு கெட்டுப் பார்வை பழுதாகும் நோய்க்கு இந்தக் காரணியைக் கொண்ட கண்துளி மருந்து ஐரோப்பாவில் 2017 இலும் அமெரிக்காவில் 2018 இலும் அனுமதி பெற்றது. ரீற்றா 2012 டிசம்பரில், 103 ஆவது வயதில் காலமானார்.

அவரைப் போலவே செய்யுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவருக்கு வசதியான வீடு இருந்தது. உதவும் அண்ணன் இருந்தார். அவர் திருமணம் செய்யவில்லை, பிள்ளை வளர்க்கும் பொறுப்பும் இருக்கவில்லை. தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் உங்களிடம் அந்த ஒப்பீட்டை வைப்பது நியாயமல்ல. ஆனால் அவருடைய திறமைக்கு எத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடிப்படை பழக்கிய ஆசான், பெட்டி செய்த அண்ணன், வீட்டை விட்டுக்கொடுத்த தாய், மாற்றுக் கருத்தை மதித்தவர், தூரத்தில் இடம் கொடுத்த தோழி. இவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் அந்த வேலை நின்றுபோயிருக்கலாம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, இடப்பெயர்வால் பரீட்சை எழுத முடியாமல் போன சகோதரிகள் நம்மில் பலர். "இனி என்னால் யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று உங்களில் யாரும் நினைக்க வேண்டாம். அயலில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு இரவில் ஒரு மேசையைக் கொடுங்கள். பல்கலைக்கழகம் போன பிள்ளை தன் சோதனை மூன்றாம் தரமும் பிழைத்துவிட்டது என்று தொலைபேசியில் அழுதால், "விட்டுவிட்டு வா" என்று உடனே சொல்லாதீர்கள். நாலாம் தரம் என்ன செய்யப்போகிறாய் என்று கேளுங்கள். அவளுடைய பாடம் உங்களுக்கு விளங்காது. பரவாயில்லை, ரீற்றாவின் தாயாரும் நரம்புக்கலம் படித்தவர் அல்லர்.

அடுத்த மாதம் சந்திப்போம்.