முள்வேலிக்குள் ஒரு மாரத்தான்

அக்டோபர் கடைசி ஞாயிறு நெருங்கினால் அமெரிக்க ஓட்டக்காரர்கள் பலருக்கும் இருப்புக் கொள்ளாது. வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில், பென்டகனுக்கும் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே செல்லும் சாலையில் பீரங்கி முழங்க, அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று நடத்தும் மரைன் கோர் மாரத்தான் தொடங்கும். பரிசுப் பணம் கிடையாது. ஆனாலும் பல்லாயிரம் பேர் வருகிறார்கள்.

இராக், ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் இந்த ஓட்டத்துக்கு இன்னொரு தொடக்கக் கோடும் இருந்தது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் இருந்த கேம்ப் லெதர்நெக் போன்ற முகாம்களில் பணியிலிருந்த வீரர்களும் அதே 42.195 கிலோமீட்டரை ஓடினார்கள். அவர்களுக்கு ஆறும் இல்லை, மரநிழலும் இல்லை. முகாமைத் தாண்ட முடியாது என்பதால், வேலிக்கு உள்ளேயே புழுதியிலும் சரளையிலும் சுற்றிச் சுற்றித்தான் தூரத்தைச் சேர்க்க வேண்டும். வாஷிங்டனில் காலை எட்டு என்றால் ஹெல்மண்டில் மாலை நாலரை. பொழுது வேறு, மண் வேறு; தூரத்தில் மட்டும் ஓர் அடிகூடக் குறையவில்லை.

வீரருக்கு நன்றி சொல்வதென்றால் வாய் வலிக்காமல் சொல்லிவிடலாம். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டிக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்போது, எங்கோ ஒரு முகாமிலும் ஒருவருக்கு இப்படித்தானே இழுத்திருக்கும் என்று நினைப்பது வேறு. அந்த நினைப்புக்கு உடம்பு விலை கொடுத்திருக்கிறது. இதைவிட நேர்மையான மரியாதை எனக்குத் தெரியவில்லை.

இந்த மரியாதை ஏன் தேவைப்படுகிறது? அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை 1973-இல் நின்றது. இன்று முழுநேரப் படையில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் நூற்றில் ஒருவர்கூட இல்லை. போர் என்பது ஊரார் வீட்டுப் பிள்ளையின் பாடாகிவிட்டது. வியட்நாம் போர் முடிந்த 1975-இல்தான் கர்னல் ஜிம் ஃபவுலர் இந்த மாரத்தானுக்கான யோசனையை எழுதிக் கொடுத்தார். மறு ஆண்டே முதல் ஓட்டம் நடந்தது. மக்களின் நல்லெண்ணத்தோடு படைக்கு ஆள் சேர்ப்பதும் அவர் சொன்ன நோக்கங்களில் ஒன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. இராக் போர் தவறு என்று நினைக்கும் ஒருவரும் அங்கே அனுப்பப்பட்ட இருபது வயதுப் பையனுக்காக ஓடலாம். அனுப்பியவர்களைக் கேள்வி கேட்கும் உரிமையை அந்த ஓட்டம் பறித்துவிடாது. போனவர்களின் முகம் தெரிந்தவர்தான் அந்தக் கேள்வியை அழுத்திக் கேட்பார் என்பது என் நம்பிக்கை.

முகங்கள் பாதையிலேயே நிற்கின்றன. ‘வேர் ப்ளூ’ என்ற அமைப்பின் தொண்டர்கள் ஒரு மைல் நீளத்துக்கு, உயிரிழந்த வீரர்களின் படங்களைச் சாலையோரம் நட்டு வைக்கிறார்கள். பெயர், வயது, இறந்த நாள். அதுவரை பேசிச் சிரித்து வந்தவர்கள் அங்கே அடங்கிப்போகிறார்கள். காலணிச் சத்தம் மட்டும் கேட்கும். சிலர் ஒரு படத்தின் முன் நின்று, தொட்டுவிட்டு, மறுபடி ஓடுகிறார்கள். படங்கள் முடிந்த இடத்தில் நீலச் சட்டைக்காரர்கள் கொடி பிடித்து வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் அந்தப் படங்களுக்கு உரிய குடும்பத்தாரும் உண்டு.

இந்த ஆண்டும் ஓட்டம் முடியும் ஐவோ ஜிமா நினைவுச் சிலையருகே, கடைசி மேட்டை ஏறி வருபவரின் கழுத்தில் ஓர் இளம் ராணுவ அதிகாரி பதக்கத்தை மாட்டுவார். அடுத்த அக்டோபரில் அந்த அதிகாரி எந்த முகாமில் இருப்பாரோ.