விட்டுச் செல்பவர் சொல்லிச் செல்வதில்லை



பொதிகை மலையை விட்டுத் தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் இடத்தில் உள்ளது விக்கிரமசிங்கபுரம். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீரின் வேகத்தைக் கொண்டு நூற்பாலை நிறுவியபின், பல சமயத்தாரும் பிழைப்புத் தேடி அங்கு வந்து சேர்ந்தனர். அந்த ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற கத்தோலிக்க நண்பர் ஒருவர் சென்ற பெருநாளன்று நம் இல்லம் வந்திருந்தார். வழக்கமாகக் குடும்பத்துடன் வருபவர், அன்று தனியே வந்தார்.

“பிள்ளைகள் எங்கே அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

“ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் குறைவில்லாமல் செய்து வைத்தேன் பாய். இன்று மூத்தவன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். இளையவன் எங்குமே போவதில்லை. அவர்கள் எந்த நாளில் கோயிலை விட்டுப் போனார்கள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை” என்றார் அவர்.

அந்தக் கடைசி வாக்கியம் நம் உறக்கத்தைக் கெடுத்தது. மார்க்கத்தை விட்டு விலகுபவர் பெரும்பாலும் கதவை அறைந்துவிட்டுப் போவதில்லை. வெளிச்சம் மங்குவதுபோல் மெல்ல மெல்ல மறைகின்றனர்.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதையே உறுதி செய்கிறது. கத்தோலிக்கராக வளர்ந்து, இன்று எச்சமயத்தையும் சாராதிருப்போரில் 71 விழுக்காட்டினர், தாம் படிப்படியாக விலகியதாகவே கூறினர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 18 வயது நிறையும் முன்பே விலகியவர்கள். வேறு கிறிஸ்தவ சபைகளுக்குச் சென்றவர்களோ, தங்கள் ஆன்மிகத் தேவை நிறைவேறவில்லை என்பதையே முதன்மைக் காரணமாகக் கூறினர். வாதத்தில் தோற்று வெளியேறியவர்களைவிட, உள்ளம் பசித்து வெளியேறியவர்களே அதிகம் என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

மேலை நாட்டுக் கதை நமக்கெதற்கு என எண்ண வேண்டாம். நம் நெல்லைச் சீமையிலேயே வடக்கன்குளம் உள்ளது. தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. எல்லோரும் சமம் என்று வாழ்ந்த அவருக்கு 2022-இல் வத்திக்கான் புனிதர் பட்டம் அளித்தது. ஆனால் அதே ஊரில் 1872-இல் எழுந்த கோயிலுக்கு இரண்டு கூடங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே பீடம். ஒரு கூடத்தில் இருக்கும் சாதியார் மறுகூடத்தாரைக் காணாதவாறு கட்டப்பட்ட அதனைக் காற்சட்டைக் கோயில் என்றே மக்கள் அழைத்தனர். பின்னாளில் கௌசானல் அடிகளார் தடுப்பை அகற்றியபோது, அதை எதிர்த்து வழக்கே தொடுக்கப்பட்டது. ஆலயத்தில் சாதிக்கெனத் தனியிடம் கோர உரிமையில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சுவர் இடிந்தது, மனச்சுவர் இடிந்ததா? 2003-இல் தமிழக ஆயர்களிடம் உரையாற்றிய போப் இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே நிலவும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதைத் தன் ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித் மக்களுக்குப் பட்டியல் சாதியினருக்குரிய சலுகை இல்லை. வெளியே சட்டம் சலுகையை மறுக்கிறது; உள்ளே சக விசுவாசி சமத்துவத்தை மறுக்கிறார். இரண்டுக்கும் நடுவே நிற்கும் இளைஞன் எத்தனை நாள் நிற்பான்?

அயர்லாந்தின் பாடம் வேறு. குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையும், அவற்றைத் திருச்சபை மூடி மறைத்ததையும் 2009-இல் வெளியான இரண்டு விசாரணை அறிக்கைகள் அம்பலப்படுத்தின. 2011-இல் 84 விழுக்காடாக இருந்த கத்தோலிக்கர் எண்ணிக்கை 2022 கணக்கெடுப்பில் 69 ஆகக் குறைந்தது. இக்குறைவுக்குக் காரணங்கள் பல உண்டெனினும், நம்பியவர்களின் நெஞ்சில் விழுந்த அந்தக் காயம் சிறியதன்று.

வாசக அன்பர்களே! பிறர் வீட்டுக் கூரை ஒழுகுவதைக் கண்டு மகிழ்வதற்காக இதனை எழுதவில்லை. நம் கூரையை நிமிர்ந்து பார்க்கவே எழுதுகிறோம். மக்கா வெற்றியின்போது, அடிமையாயிருந்த பிலால் (ரலி) அவர்களைக் கஅபாவின் மீதேறி பாங்கு சொல்லச் செய்தார்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்). அந்த வரலாற்றை மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் நம் நிக்காஹ் விருந்தில் ஏழை உறவினர் எந்த வரிசையில் அமர்கிறார்? புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்தில் பெண் எடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம்?

குர்ஆனை ஓதி முடித்ததும் ஹஸ்ரத்துக்குச் சால்வை போர்த்திவிட்டால் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். புதுநன்மையோடு கடமை முடிந்தது என எண்ணியவர்தாமே நம் நண்பரும்? “ஏன் வாப்பா தொழ வேண்டும்?” என்று பிள்ளை கேட்கும்போது, “வாயை மூடு” என்போமானால், அவன் வாயை மூடிக்கொள்வான். அன்றிலிருந்து அவன் மனம் நடக்கத் தொடங்கும். உடல் மட்டும் சில காலம் நம்மோடு ஸஃப்பில் நிற்கும்.

விடைபெறும்போது நண்பர் கூறினார்: “நான் அவர்களைக் கோயிலுக்கு அனுப்பினேன் பாய், அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் உட்கார்ந்து கேட்கவில்லை.”

தம்மையே குற்றவாளியாக்கி அவர் சொன்ன அந்தச் சொல், அவருக்கு மட்டும் உரியதன்று. இன்று இரவு உணவுக்குப் பின் உங்கள் பிள்ளைகளுடன் சற்றே அமருங்கள். அறிவுரை கூறாதீர்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். அவர்களது கேள்விக்கு விடை தெரியவில்லையா? “நாளை ஹஸ்ரத்திடம் சேர்ந்தே போய்க் கேட்போம்” என்று சொல்லுங்கள். அப்படிக் கைகோத்துச் செல்லும் பிள்ளை, சொல்லாமல் விலகிச் செல்லமாட்டான், இன்ஷா அல்லாஹ்.