மூலிகையும் பறிபோன நிலமும்

நாட்டுத் தாவரங்களைக் கற்பிக்க வரும் விளையாட்டுகள் பலவும் படத்துக்குப் பெயர் பொருத்துவதோடு நின்றுவிடுகின்றன. மனிதரைக் கழித்துவிட்ட இந்தத் தாவரவியலில் நமக்கு உடன்பாடில்லை.

2019இல் வெளிவந்த ‘வென் ரிவர்ஸ் வேர் ட்ரெயில்ஸ்’ என்ற கணினி விளையாட்டு வேறு வகை. 1890களில், பூர்வகுடிகளின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாக்கிய அமெரிக்கச் சட்டங்களால் மின்னசோட்டாவிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட அனிஷினாபே ஒருவராக நாம் கலிபோர்னியா நோக்கிச் செல்லவேண்டும். மூலிகை இங்கே பாடமல்ல. உடலும் மனமும் சோராதிருக்க வேண்டிய வழித்துணை. எதிர்ப்படுவோரோடு பண்டமாற்றும் கொடையும் கூடவே உண்டு.

எழுதியவர்கள் 30க்கும் மேற்பட்ட பூர்வகுடி எழுத்தாளர்கள். அதுவே முக்கியம் என்போம். 1971இல் உருவான ‘ஆரிகன் ட்ரெயில்’ பள்ளிப் பிள்ளைகளைக் குடியேறிகளின் வண்டியில் ஏற்றித்தான் இதே மேற்கைக் காட்டியது. அதுவும் வரலாற்றுப் பாடம் என்ற பெயரில்.